விற்காமல் போன திங்கட்கிழமை

கோமு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்த பிறகும் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றிருந்தேன். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, காஸ் வாடை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. பெங்களூரு வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், அடுத்த மாதத்திலிருந்து முழு நேரமும் பங்கு வியாபாரம்தான் என்றும் நீ சொன்னாய். கொஞ்ச நாளாகச் சம்பளத்தைவிட அதில்தான் அதிகம் வருகிறது என்றாய். நான் "சாப்பிட்டியா மக்கா" என்று மட்டும் கேட்டேன். நீ சிரித்தாய். "பயப்படாதம்மா. அப்பா ரத்தம்தான எனக்கும். எல்லாரும் வித்துட்டு ஓடுனப்ப அப்பா மட்டும் பதறாம இருந்தாங்கல்லா? அந்த நிதானம் எனக்கும் இருக்கு" என்றாய். அந்தப் பேச்சுதான் என்னை எழுத உட்கார வைத்தது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன். எழுதினால் கடைசிவரை படிப்பாய்.

அப்பா உனக்குச் சொன்ன கதை எனக்கும் மனப்பாடம். ஒரு சர்க்கரை ஆலையின் பங்கு நாளுக்கு நாள் விழுந்துகொண்டிருந்தது, வைத்திருந்தவர்கள் எல்லோரும் விற்றார்கள், தன் மனசு மட்டும் பொறு என்று சொன்னது, பொறுத்ததால் வந்ததுதான் இந்த வீடு. நீ கல்லூரிக்குக் கிளம்பிய அன்றுகூட உன் தலையில் கை வைத்து இதைத்தான் சொன்னார். அவர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன மனிதரைப் பொய் சொன்னார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் நடந்தது அது இல்லை. நடந்ததையும், அவர் ஏன் மாற்றிச் சொன்னார் என்பதையும் நீ தெரிந்துகொள்ளாமல் அந்த வேலையை விட்டு வெளியே வரக்கூடாது.

இதற்கு நான் லிங்கம் மாமாவிலிருந்து தொடங்க வேண்டும். என் உடன்பிறந்த தம்பி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் சட்டையில் எப்போதும் பிச்சிப்பூ வாசம் அடிக்கும் என்பாய். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியும்போதே மல்லியும் பிச்சியும் அவன் கடைக்கு வந்து இறங்கும். காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை. முகூர்த்த நாளில் கைக்கு எட்டாமல் விற்ற பூ மறுநாள் மாட்டுக்குப் போகும். அதனால் பூ வியாபாரி எதையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க மாட்டான். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தராசைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான். உன் அப்பாவுக்கோ ராஜபாளையம் ரோட்டில் பெயின்டும் இரும்புச் சாமானும் விற்கிற கடை. ஆணி வாடாது. இந்த வருடம் விற்காவிட்டால் அடுத்த வருடம் விற்கும். குணத்தில் இப்படி எதிரெதிராக இருந்த இரண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் செபராஜ் அண்ணாச்சி என்பவர் பங்கு வாங்கி விற்கும் ஆபீஸ் ஒன்றை அப்போதுதான் திறந்திருந்தார். ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு இருவரும் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சர்க்கரை ஆலைப் பங்கை இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே விலைக்கு, ஒரே அளவு வாங்கினார்கள். செபராஜ் அண்ணாச்சி கொடுத்த அதே தாள்களைப் படித்துவிட்டுத்தான் இரண்டு பேரும் வாங்கினார்கள். வாங்கிய பிறகு அது இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் பழைய வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு இருவரும் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அப்பாதான் முதலில் சொன்னார். "இனி தாங்காதுலே. நாளைக்குக் காலையில திறந்ததும் ரெண்டு பேரும் வித்துருவோம். போனது போவட்டும்." லிங்கம் கை கழுவிக்கொண்டே, "நானும் அதத்தான் அத்தான் நெனச்சேன். வாடுன பூவ வச்சுக்கிட்டு என்ன செய்ய. நான் முன்னாடி போயிருதேன், நீங்க கடையத் திறந்துட்டு வாங்க" என்றான். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். விற்க வேண்டும் என்று முதலில் சொன்னது உன் அப்பா.

மறுநாள் திங்கட்கிழமை. உனக்கு அப்போது நாலு வயது. அறுந்துபோன ஒரு பாசிமாலையை வைத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாய். உன் அப்பா செருப்பை மாட்டும் நேரத்தில் அழுதுகொண்டு ஓடிவந்தாய். மூக்கில் ரத்தம். ஒரு பாசிமணியை உள்ளே தள்ளியிருந்தாய். நம்மூர் டாக்டர் பார்த்துவிட்டு, மணி மேலே ஏறிவிட்டது, இங்கே வைத்து எடுக்க முடியாது, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார். வாடகைக் கார் பிடித்துப் போனோம். வழியெல்லாம் நீ வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அவர் மடியில் கிடந்தாய். மணி மூச்சுக்குழாய்க்குள் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் உன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. செல்போன் வீட்டு மேசை மேல் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் போன் பூத் இருந்தது. அவருக்குப் பங்கு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அன்றைக்கு நினைவில் இல்லை. மணியை எடுத்து, உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, நாம் ஊருக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

வாசலில் லிங்கம் உட்கார்ந்திருந்தான். விஷயம் தெரிந்து பதறிப்போய்க் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் உன்னைத் தூக்கி, மூக்கைப் பார்த்து, முத்தம் கொடுத்தான். பிறகுதான் உன் அப்பாவிடம், "அத்தான், நீங்க விக்கலியே?" என்று கேட்டான். இல்லை என்று அவர் தலையாட்டினார். லிங்கம் காலையிலேயே எல்லாவற்றையும் விற்றிருந்தான். மத்தியானம் செய்தி வந்திருக்கிறது. வடக்கே உள்ள ஒரு பெரிய கம்பெனி அந்த ஆலையை வாங்கப்போகிறதாம். சந்தை மூடுவதற்குள் பங்கு ஒரே நாளில் எவ்வளவு ஏற விடுவார்களோ அவ்வளவும் ஏறி, வாங்க ஆள் இருந்தும் விற்க ஆள் இல்லாமல் நின்றிருக்கிறது. மறுநாளும் அப்படித்தான் ஏறியது. அதற்கு மறுநாளும். விற்பதற்கே அவசரம் இல்லாமல் போனது உன் அப்பாவுக்கு. அடுத்த வருடம் இந்த வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினோம்.

ஊரில் பேச்சு எப்படி மாறியது என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். முதல் வாரம், "உமக்கு யோகம் அடிச்சிருக்கு வே" என்றார்கள். ஒரு மாதம் கழித்து, "தைரியமான ஆளு" என்றார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள், "அந்தப் பொறுமை யாருக்கு வரும்" என்றார்கள். உன் அப்பா முதலில் பாசிமணிக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கேட்டவர்கள் அதற்குச் சிரித்துவிட்டு, சரி, அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டார்கள். மெல்ல மெல்ல அவர் மணியைச் சொல்வதை விட்டுவிட்டார். கடையில் அவர் முன்னால் குனிந்து பேசுகிறவர்களைப் பார்த்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

லிங்கத்திடம் மட்டும் எல்லாம் அந்த மணியால் வந்தது என்று நான் விடாமல் சொன்னேன். அவன் அன்றைக்கு அழவில்லை, கோபப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து உன் அப்பாவையே உற்றுப் பார்க்கத் தொடங்கினான். அவர் டீயை எப்படி ஆற்றிக் குடிக்கிறார், பேப்பரை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார் என்றெல்லாம் பார்ப்பான். ஒருநாள் நான், "ஏலே, பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாம இருந்தா அத்தானும் உன்கூட வந்து வித்திருப்பாவ. இதுல என்ன இருக்கு?" என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாசிமணியாம்லா பாசிமணி. அத்தான் மறைக்காவக்கா. வெவரம் தெரிஞ்ச ஆளு வெளிய சொல்லுவாவளா?" உன் அப்பா அந்த நேரத்தில் உள்ளே வந்தார். "நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டே, "அது கெடக்கட்டும். சில நேரம் மனசு ஒண்ணு சொல்லும்லே" என்றார். லிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொன்னது தப்பென்று நிரூபணம் ஆகிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

நான் சொன்னதை அவனால் நம்ப முடியாததற்குக் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அத்தானிடம் ஏதோ வித்தை இருக்கிறதென்றால் அதை அவனும் கற்றுக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லை, ஒரு மணிதான் என்றால் அவன் என்ன செய்வான்? ஒழுங்காகப் பேசியபடி நேரத்துக்குப் போய் விற்றவன் அவன். சரியாகச் செய்தும் தோற்றுப்போனோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, நாம் செய்தது தப்பு என்று நினைத்துக்கொள்வது மனிதனுக்கு லேசாக இருக்கிறது. அதனால் தன் தொழில் கற்றுக்கொடுத்த புத்தியையே தப்பு என்று முடிவு செய்தான். இனி எதையும் பதறி விற்கக்கூடாது, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேறொரு கம்பெனிப் பங்கை நிறைய வாங்கினான். அது இறங்கியது. பிடித்துக்கொண்டான். மேலும் இறங்கியது. மேலும் வாங்கினான். விற்றுவிடச் சொல்லி உன் அப்பாவே கெஞ்சினார். "நீங்க மட்டும் வித்தியளா அத்தான்?" என்று கேட்டான். கடைசியில் அந்தக் கம்பெனியே மூடிப்போனது. பூக்கடை கைமாறியது. அவன் கடையிலேயே அவன் இன்னொருவருக்கு எடைபோடும் ஆளாக நின்றான்.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியத்தை நான் இப்போது மீறுகிறேன்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் லிங்கம் வீட்டுக்கு வந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலில் உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தரையில் பேப்பரில் பங்கு விலைகள் வருகிற பக்கத்தை விரித்துப் போட்டிருந்தான். உன் கண்ணைத் தன் கையால் பொத்தியிருந்தான். "எங்க வேணும்னாலும் விரல வையி மக்கா. நல்லா யோசிச்சு வையி" என்றான். நீ விரலை வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓரிடத்தில் வைத்தாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "ஏலே, பிள்ளைய வச்சு என்ன செய்யுத?" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாள் பார்க்காத ஒரு அமைதி அவன் முகத்தில் இருந்தது. "நீ சொன்னதுதான் நெசம்க்கா. நான்தான் கேக்கல. அன்னைக்கு ஜெயிச்சது அத்தான் மூளை இல்ல. இவ கைதான்" என்றான். அந்த இடத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

நீ தொட்ட பங்கு உடனே விழுந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அது ஏறியது. ஒரு வாரம் ஏறியது. உன் தலை கொள்ளாத அளவுக்குப் பூ வாங்கிவந்து வைத்துவிட்டு, உன் உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உனக்குக் கூச்சமாக இருந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாய். அதன்பிறகுதான் அவன் தன் பெண்டாட்டி சாந்தி அத்தையின் நகைகளையும் ராயகிரியில் அவள் அப்பா கொடுத்த நிலத்தையும் அடகு வைத்து அதில் போட்டான். போட்ட பிறகு அது விழுந்தது. அந்த வருடம் நம்மூர் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த நாளில், காலையில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. கோவில்பட்டி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக மார்க்கெட்டில் ஒருவர் சொன்னார். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். போட்டோ போட்டு நோட்டீஸ் ஒட்டினோம். இன்றுவரை உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. மாமா துபாயில் வேலை பார்க்கிறான், அத்தையோடு சண்டை, அதனால் வருவதில்லை என்று உன்னிடம் சொன்னோம். நீயும் வளர்ந்தபின் கேட்பதை விட்டுவிட்டாய்.

உன் அப்பா அதற்குப் பிறகு ஒரு பங்குகூட வாங்கவில்லை. இருந்ததை விற்று சாந்தி அத்தையின் நிலத்தை மீட்டுக் கொடுத்தார். வருடா வருடம் பள்ளி லீவில் நாம் கோவில் கோவிலாகப் போனோமே, திருச்செந்தூர், பழனி, திருவண்ணாமலை, ராமேஸ்வரம். அப்பாவுக்கு இவ்வளவு பக்தியா என்று நீ கேலி செய்வாய். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், சில்லறையை மாற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பரதேசிக்கும் குனிந்து குனிந்து போடுவார். முகத்தைப் பார்ப்பதற்குத்தான் குனிந்தார் கோமு. ஒருமுறை திருவண்ணாமலையில், தாடி வளர்த்த ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "ஏலே லிங்கம், போதும்லே, வா வீட்டுக்குப் போவோம்" என்றார். அந்த ஆள் கையை உதறிவிட்டுத் தெலுங்கில் ஏதோ திட்டினார். நீ அந்த நேரம் வளையல் கடையில் நின்றுகொண்டிருந்தாய். அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன்னை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டது, "நான் ஒரு தடவையாவது உறுதியா மணின்னு சொல்லியிருந்தா அவன் நம்பியிருப்பானோ?" என்பதுதான். தெரியாது என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது.

அவர் ஏன் உன்னிடம் பொறுமைக் கதையைச் சொன்னார் என்பது இப்போது உனக்குப் புரியும். பாசிமணியைச் சொன்னால் ஒருநாள் நீ அந்தப் பேப்பரையும் கேட்பாய். ஏழு வயதில் நீ வைத்த ஒரு விரலுக்குப் பின்னால் மாமாவின் வாழ்க்கை போனது என்று நீ நினைத்துவிடக்கூடாது என்று பயந்தார். அந்தப் பயத்தில் அவர் தன்னைப் பெரிய ஆளாக்கிக்கொண்டார். அதை நம்பித்தான் இப்போது நீ வேலையை விடுகிறாய் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார்.

உன் விரலில் ஒன்றும் இல்லை, மக்கா. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மாமாவின் நஷ்டம் உன் கையால் வரவில்லை. ஆனால் அதே கணக்கில், இந்த வீடும் உன் அப்பாவின் நிதானத்தால் வரவில்லை. வந்ததை மட்டும் ரத்தத்தில் எழுதிக்கொண்டு, போனதை விதி என்று தள்ள முடியாது. நீ என்னைவிடப் படித்தவள். கம்பெனிகளைப் பற்றி உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. படித்து உழைத்துச் சம்பாதிக்கிற பேர் அந்தத் தொழிலில் இருக்கலாம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். "போன வாரம் எல்லாத்தையும் வித்துரலாம்னு இருந்தேம்மா, நெட் போயிருச்சு. வந்து பாத்தா ஏறியிருக்கு. நல்லவேள" என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு உடனே அப்பாவின் நிதானத்துக்குப் போய்விட்டாய். உனக்கு அது தெரியவே இல்லை. எனக்கு அந்தப் பாசிமணிதான் நினைவுக்கு வந்தது.

நான் தடுக்க மாட்டேன். தடுத்தால் நீ ரகசியமாகச் செய்வாய், அது இதைவிட மோசம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். லாபம் வருகிற அன்று எனக்குப் போன் செய். எவ்வளவு என்று சொல்ல வேண்டாம். அன்றைக்கு உன்னைக் கேட்காமல் தானாக நடந்தது என்ன என்று மட்டும் சொல். சொல்ல முடிகிற வரைக்கும் நீ பத்திரமாக இருக்கிறாய் என்று நான் தூங்குவேன். எல்லாம் நானே யோசித்துச் செய்தேனம்மா என்று நீ சொல்கிற அன்றைக்கு நான் ரயில் ஏறி வந்துவிடுவேன்.

இந்த வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். முழங்கால் வலி, பெங்களூரு குளிர் என்று ஏதேதோ சாக்குச் சொல்லியிருக்கிறேன். லிங்கம் காணாமல் போவதற்கு முதல் நாள் இங்கே வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "பிள்ளை இருக்காளா?" என்றான். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், உள்ளே வந்து சாப்பிடு என்றேன். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையைப் படிய வாரியிருந்தான். "இல்லக்கா. எப்பவும் பூவோட வருவேன். இன்னைக்கு வெறுங்கையா வந்துட்டேன். பெறகு வாரேன்" என்றான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை கூப்பிட்டபடியே போனேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வருகிறேன் என்று சொன்னவனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். அதனால் நான் இங்கேதான் இருப்பேன். அந்தக் கேட்டுக்கு நான் பகலில் பூட்டுப் போடுவதில்லை. நீயும் என்றைக்காவது எல்லாம் தொலைத்துவிட்டு நின்றால், வெறுங்கையாக இருக்கிறோமே என்று தெருவில் நின்று யோசிக்காதே. நேராக உள்ளே வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்.

அம்மா